‘ஏழு மணி பஸ்’: வீட்டில் பதிந்த பாட்டு, எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்

நோர்வூட் மைனா:

எல்லோருக்கும் வணக்கம். நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை பார்க்கிறேன். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கிட்டாரைத் தொட நேரம் கிடைக்கும். தீபாவளி முடிந்து தம்பி கொழும்புக்குத் திரும்பிப் போன அன்று இந்தப் பாட்டை எழுதத் தொடங்கினேன். அவன் புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறான்.

பாட்டை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘அருமை’, ‘சூப்பர் அக்கா’, அப்புறம் வரிசையாக இதயங்கள். எல்லாம் அன்போடு போட்டதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் அடுத்து எதைத் திருத்துவது? மற்றவர்கள் பாட்டை நான் கேட்கும்போது ஹெட்செட் போட்டுக் கேட்பேன். எத்தனையாவது செக்கனில் என் மனசு பாட்டை விட்டு வெளியே போனது, எந்த வரியில் திரும்பி வந்தது என்று எழுதி அனுப்புவேன். சிலருக்கு அது பிடிக்காது, தெரியும். ஆனால் ராத்திரி தூக்கத்தை விட்டு ஒருவர் பாட்டுக் கட்டியிருக்கிறார் என்றால், அதை ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காகப் பதில் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். அதையே உங்களிடமும் கேட்கிறேன்.

வரிகள் இவை:

ஏழு மணி பஸ்ஸுலதான் ஏறிப் போற தம்பி
எங்க போயி நின்னாலும் போன எடு தம்பி

மலை எறங்கும் பாதையெல்லாம் மூடுபனி கெடக்கு
மாமா தந்த சுவெட்டரு பை அடியில கெடக்கு
அட்வான்ஸுல எடுத்த சட்ட மடிப்போட இருக்கு
அத்தனைக்கும் அம்மா பேருல கழிக்க வேண்டி இருக்கு

ஏக்கம் வந்து நெஞ்சுக்குள்ள தீயப் போல எரியும்
ஏழ நம்ம படும் பாடு யாருக்குத்தான் தெரியும்

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முற்பணம் கொடுப்பார்கள். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பார்கள். தம்பியின் சட்டை அந்தக் காசில் எடுத்தது.

பதிந்தது எங்கள் காம்பராவில். பத்துக்குப் பன்னிரண்டு அடி, சீமெந்துச் சுவர், மேலே தகரம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டு டீவி. அது ஓய்ந்த பிறகு ராத்திரி போனை மேசையில் வைத்து, கிட்டாரும் குரலும் ஒன்றாகப் பாடினேன். மெட்டு ஆறு எட்டு நடை, தாலாட்டுக்குப் பாடுகிறோமே அந்த ஆட்டம். டி, ஜி, ஏ கோர்ட், நாலாவது கட்டத்தில் கெப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப். இரண்டாவது தடவை பல்லவி வரும்போது புளூடூத் ஹெட்செட்டில் முதல் பதிவைக் கேட்டுக்கொண்டு இன்னொரு குரல் சேர்த்தேன். நடுவில் மழை பிடித்துவிட்டது. பதிவிலும் அது கேட்கும்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பல்லவியில் ‘தம்பி’ என்று மேலே போகும் இடம் கஷ்டப்பட்டுப் பாடுவது போலக் கேட்கிறதா? கடைசி இரண்டு வரி பாட்டுக்குள் நிற்கிறதா? இரண்டாவது குரல் ஏன் ஒட்டாமல் தொங்குகிறது? மழையை எடுத்துவிட வேண்டுமா? நண்பர் ஒருவர் சுருதியைத் தானாகத் திருத்தும் ஓட்டோடியூன் போட்டு, டிரம் பீட் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். எனக்கு அதில் மனசில்லை. ஆனால் தாளத்துக்கு ஏதாவது வேண்டும் என்று மட்டும் காது சொல்கிறது.

பண்டாரவளை சவுண்ட் செட்:

தங்கச்சி, கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக் கட்டுகிறவன் நான். வரிகளைப் பற்றி சேர்மார் யாராவது சொல்லட்டும். சத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

0:06இலிருந்தே ‘தும் தும்’ என்று அடியில் ஒன்று கேட்கிறது. அது உங்கள் கால். தாளத்துக்குக் காலைத் தட்டுகிறீர்கள், தரை வழியாக மேசைக்கு ஏறி, மேசை வழியாகப் போனுக்குள் போகிறது. துவாயை நாலாக மடித்து அதன் மேல் போனை வையுங்கள். காலுக்கடியில் ஒரு சாக்கைப் போடுங்கள். பாதி போய்விடும்.

அப்புறம் தூரம். குரல் ஒரு பாழ் மண்டபத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. போன் மைக் எல்லாப் பக்கமும் கேட்கும், உங்கள் வாயையும் கேட்கும், நாலு சுவரையும் கேட்கும். இப்போது மூன்று நாலு அடி தள்ளி இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் ஏறும், சுவரிலிருந்து திரும்பி வரும் சத்தம் கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். ஆகவே ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்கு வாருங்கள். நேர் எதிரே வைக்காமல் கன்னப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், ‘போன’, ‘பஸ்’ என்னும்போது காற்று மைக்கில் அடிக்காது. முதுகுக்குப் பின்னால் கொடியில் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். கம்பளி கீச்சுச் சத்தத்தைத்தான் குடிக்கும், அடிச்சத்தத்தை ஒன்றும் செய்யாது. அதனால் அறையின் மூலையில் மட்டும் உட்காராதீர்கள், மூலையில் அடிச்சத்தம் இன்னும் தடிக்கும்.

1:18இல் கிட்டாரை நிறுத்தி மூச்சு விடுகிறீர்கள். அந்த இடத்தில் மழை ‘சர்ர்’ என்று மேலே வந்து, பாடத் தொடங்கியதும் கீழே போகிறது. அப்போது மழை பெருத்தது என்று நினைக்காதீர்கள். சத்தம் குறைந்தவுடன் போன் தானாகவே அளவை ஏற்றுகிறது. அதை நிறுத்தி வைக்கக்கூடிய ரெகோர்டிங் அப் ஒன்றில் பதியுங்கள். வேவ் கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸில். மீட்டர் உச்சத்தைத் தொடாமல் 6இலிருந்து 12 டெசிபெல் வரை கீழே நிற்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த சத்தத்தை யாராலும் ஒட்ட முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது குரல் தொங்குவதற்குக் காரணம் புளூடூத். பாட்டு உங்கள் காதுக்கு வந்து சேரவே பிந்துகிறது, நீங்கள் அதைக் கேட்டுப் பாடுவது அதே அளவு பிந்திப் பதிகிறது. உங்கள் தாளத்தில் குறை இல்லை. வயர் ஹெட்செட் போட்டுப் பாடுங்கள், உட்கார்ந்துவிடும்.

கிட்டாரும் ஆரம்பத்தில் இருந்த சுருதியில் கடைசியில் இல்லை. நம் ஊர்க் குளிரில் இது எல்லோருக்கும் நடக்கிறதுதான். குளிரில் இரும்புக் கம்பி சுருங்கி சுருதி ஏறி நிற்கும். வாசிக்க வாசிக்க விரல் சூட்டில் இறங்கும். உறையிலிருந்து எடுத்தவுடன் டியூன் பண்ணிப் பதியாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா வாசித்து, கம்பி சூடேறிய பிறகு டியூன் பண்ணுங்கள்.

மழையை எடுக்கிறேன் என்று நொய்ஸ் ரிடக்‌ஷன் போடாதீர்கள். மின்விசிறி, பிரிட்ஜ் போல ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குத்தான் அது சரிவரும். தகரத்தில் விழும் மழை செக்கனுக்குச் செக்கன் மாறும். அதை வழித்தெடுத்தால் குரலும் சேர்ந்து தண்ணீருக்குள் பேசுவது போல ஆகிவிடும். மழை இல்லாமல் வேண்டுமென்றால் மழை இல்லாத நாளில் பாடுவது ஒன்றுதான் வழி. உங்கள் பக்கம் தை பிறந்தால் கொஞ்சம் காய்ந்து கொடுக்கும். எங்கள் ஊவாப் பக்கம் அப்போதுதான் ஊற்றும், எங்களுக்கு ஆனி ஆடிதான் பதிவுக் காலம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். குழுவில் இதை வாய்ஸ் நோட்டாகவா அனுப்பினீர்கள்? இனிமேல் கோப்பை டொகியுமென்டாக அனுப்புங்கள். வாய்ஸ் நோட்டில் கிட்டாரின் மேல் சத்தமெல்லாம் நசுங்கிவிடுகிறது.

நாவலப்பிட்டி ஆர்மோனியம்:

மகள், பாட்டைக் கேட்டேன். பாடசாலையில் சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கேட்டதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சரணத்தின் முதல் சொல்லை நான் ‘மாலை’ என்று கேட்டேன். ‘மாலை இறங்கும் பாதையெல்லாம்’. அதற்கும் ஒரு பொருள் வருகிறது பாருங்கள், அதனால் யாரும் உங்களைத் திருத்த மாட்டார்கள், தப்பாகவே கேட்டுக்கொண்டு போவார்கள். எழுத்தில் பார்த்த பிறகுதான் ‘மலை’ என்று தெரிந்தது. ‘ம’ குறில். அதன் மேல் மூன்று மாத்திரை நிற்கிறீர்கள். தமிழில் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். மெட்டை மாற்ற வேண்டாம். தாளம் விழுவதற்கு முன்னமே ‘மலையெ’ என்பதை வேகமாகச் சொல்லிவிட்டு, ‘றங்’ என்பதில் தாளத்தைப் போட்டு அங்கே நில்லுங்கள். மூக்கொலியில் நிற்பது காதுக்கும் இதமாக இருக்கும். அடுத்த வரியில் ‘மாமா’ நெடில், அது தானாகவே நன்றாக உட்கார்ந்திருக்கிறது. புதுமெட்டுப் போடும்போது ஒவ்வொரு வரியையும் ஒருதரம் கைத்தாளம் போட்டு வெறுமனே பேசிப் பாருங்கள். இழுக்கும் இடங்களில் நெடில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

‘தம்பி’ மேலே போகும் இடத்தில் தொண்டை இறுகுகிறது. டி வடிவத்தில் நாலாவது கட்டம் என்றால் நாலரைக் கட்டை சுருதி. இரண்டாவது கட்டத்துக்கு இறக்கினால் மூன்று கட்டை. அதில் பாடிப் பாருங்கள். உச்சத்தில் கத்தாமல் கூப்பிடலாம். தம்பியைக் கூப்பிடுகிற பாட்டு அல்லவா.

கடைசி இரண்டு வரியை எடுத்துவிடுங்கள். நெஞ்சில் தீ எரிவது ஆயிரம் பாட்டில் எரிந்துவிட்டது. முற்பணத்தில் எடுத்த சட்டையும் அம்மா பேரில் கழிக்கிற கணக்கும் உங்கள் வீட்டுக்குள் போய் எடுத்து வந்தவை. அதற்குப் பக்கத்தில் இந்த வரிகள் கடன் வாங்கியது போல நிற்கின்றன. நம் தோட்டங்களில் பாட்டு சும்மா பொழுதுபோக்குக்கு மட்டும் இருந்ததில்லை. 1930களில் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய நடேசய்யரின் தொழிற்சங்கக் கூட்டங்களில் அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடினார். தொழிலாளிக்கு அவன் கணக்கையே பாட்டில் சொன்னால் அவன் நின்று கேட்பான் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் நாலாவது வரியில் அந்த வாடை அடிக்கிறது. விட்டுவிடாதீர்கள்.

‘சுவெட்டரு’ என்பதற்குப் பதில் ‘கம்பளி’ என்று வைத்தால் தமிழாக இருக்கும். யோசியுங்கள்.

மஸ்கெலியாப் பையன்:

அக்கா, எனக்குப் பாட்டு எழுதத் தெரியாது. நானும் கொழும்பில் கடையில்தான் நிற்கிறேன். உங்கள் தம்பி மாதிரித்தான்.

சுவெட்டர் வரியில் அழுகை வந்துவிட்டது. என் பையின் அடியிலும் ஒன்று கிடக்கிறது. கொழும்பு வெக்கையில் அதை எடுக்கவே மாட்டோம். ஆனாலும் அம்மா ஒவ்வொரு தடவையும் வைத்துத்தான் அனுப்பும்.

‘எங்க போயி நின்னாலும் போன எடு’ என்பது மட்டும் சரியில்லை அக்கா. கடையில் நிற்கும்போது போனைத் தொட விடமாட்டார்கள். வேலை தொடங்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளும் கடையும் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் பகலில் எடுத்துவிட்டு, நாங்கள் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறார்கள். ராத்திரி ஷட்டர் போட்ட பிறகுதான் பேசலாம். அதற்குள் நீங்கள் எல்லாம் படுத்துவிடுகிறீர்கள். பாட்டில் அதைச் சொன்னால் நல்லது. நாங்கள் படுப்பதும் கடை மாடியில், சாமான் மூட்டைகளுக்கு நடுவில்.

வேறு குறை சொல்லத் தெரியவில்லை. ராத்திரி மறுபடியும் கேட்பேன்.

நோர்வூட் மைனா:

சவுண்ட் அண்ணா, சேர், தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. இப்படி ஒருவர் உட்கார்ந்து கேட்டுச் சொன்னால் பாட்டு எழுதுகிறவளுக்கு எவ்வளவு தெம்பு என்று சொல்லத் தெரியவில்லை.

துவாயும் சாக்கும் வைத்து, ஒரு சாண் தூரத்தில் மறுபடி பதிந்தேன். முதல் தடவையாக என் குரல் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டது. வயர் ஹெட்செட் பக்கத்து வீட்டு அண்ணனிடம் வாங்கினேன். இரண்டாவது குரல் அண்ணா சொன்னபடியே உட்கார்ந்துவிட்டது. சேர், ‘மலையெ’ என்று முன்னால் சொல்லிவிட்டு ‘றங்’கில் நிற்பது முதலில் நாக்குக்கு வரவில்லை. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கைத்தாளத்தில் பேசிப் பழகியதும் வந்துவிட்டது. மூன்று கட்டை எனக்குச் சரியாக இருக்கிறது. சரணத்தின் கீழ்ப் பகுதி கொஞ்சம் அடங்கிப் போகிறது, ஆனால் அது ரகசியம் பேசுவது போல இருப்பதால் அப்படியே விடலாம் என்று நினைக்கிறேன்.

சுவெட்டரை மாற்ற மாட்டேன் சேர், கோபிக்காதீர்கள். எங்கள் வீட்டில் கம்பளி என்றால் போர்த்திக்கொள்வது. மாமா கொடுத்தது சுவெட்டர். மஸ்கெலியாத் தம்பி எழுதியதைப் பார்த்த பிறகு அதில் கை வைக்கவே மனசு வராது.

தம்பி, நீ சொன்னதைத்தான் அப்படியே எழுதினேன். இந்தப் பாட்டில் உனக்கும் பங்கு இருக்கிறது. என் தம்பியும் பகலில் எடுக்கமாட்டான். நாங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசாத வாயில்லை. நேற்று அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். பல்லவி இப்போது இப்படி:

ஏழு மணி பஸ்ஸுலதான் ஏறிப் போற தம்பி
கடைய மூடி வந்தப்புறம் போன எடு தம்பி

ஏக்கமும் தீயும் போய்விட்டன. அந்த இடத்தில்:

பத்து மணி ஷட்டர் விழும், பாய விரிப்ப எங்க?
மாடி மேல மூட்ட நடுவுல எடம் இருக்கா தூங்க?
எத்தன மணி ஆனாலுமே எழுப்பிப் பேசு நீங்க
என்று சொல்லி அம்மா இன்னும் முழிச்சிருக்கா இங்க

மூன்றாவது வரியில் ‘நீங்க’ உறுத்துகிறது. அம்மா தம்பியை ‘நீங்க’ என்று கூப்பிடாது. இயைபுக்காக வந்து உட்கார்ந்த சொல். நாலாவது வரியில் ‘என்று’ மட்டும் புத்தகத் தமிழாக நிற்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டும். யாருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

தாளத்துக்கு டிரம் மெஷின் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மேல் வரிசை லைன் வீட்டில் தப்புப் பறை அடிக்கிற மாமா ஒருவர் இருக்கிறார். காமன் கூத்துக்கு அவர்தான் அடிப்பார். கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அண்ணா, தப்பைப் போனில் எப்படிப் பதிவது? சும்மா ஒருதரம் வைத்துப் பார்த்தேன், ‘டப்’ என்று உடைந்துதான் வந்தது.

பண்டாரவளை சவுண்ட் செட்:

காம்பராவுக்குள் வேண்டவே வேண்டாம். வெளியே, சுவர் இல்லாத இடத்தில் மாமாவை நிறுத்துங்கள். போனைப் பத்து அடி தள்ளி, இடுப்புயரத்தில் வையுங்கள். தப்பின் முகத்துக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். முதலில் மாமாவை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி அளவைப் பாருங்கள், பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். வயர் ஹெட்செட்டில் உங்கள் பாட்டை அவர் காதுக்குக் கொடுங்கள். அதற்கு முன் ஒன்று: உங்கள் பாட்டு நிமிடத்துக்கு 84 தட்டில் தொடங்கி 96இல் முடிகிறது, தட்டிப் பார்த்தேன். தப்பு சேர்ந்தால் இந்த ஓட்டம் அப்பட்டமாகத் தெரியும். அதனால் மாமாவை முதலில் அடிக்கவிட்டு, அவர் தாளத்தின் மேல் நீங்கள் பாடுங்கள். டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமை விட அது உங்களுக்கு நல்ல துணை.

காலையில் பனி இருக்கும்போது பதிந்தால் தோல் தளர்ந்து மொத்தென்று இருக்கும். மாமாவுக்குத் தெரியும், நெருப்பில் காட்டித்தான் அடிப்பார். ஆனால் காட்டி வைத்துவிட்டு நீங்கள் போனைத் தேடிக்கொண்டிருந்தால் மறுபடி தளர்ந்துவிடும். எல்லாவற்றையும் தயார் பண்ணிவிட்டு, கடைசியாகத் தப்பைக் காய்ச்சச் சொல்லுங்கள். தளர்ந்தால் நிறுத்தி மறுபடி காய்ச்சுங்கள், அவசரப்படாதீர்கள்.

நாவலப்பிட்டி ஆர்மோனியம்:

சுவெட்டர் இருக்கட்டும் மகள். நீங்கள் சொன்னது சரி.

மூன்றாவது வரி: ‘எத்தன மணி ஆனாலுமே எழுப்பிப் பேசு ராசா’ என்று வைத்து, நாலாவதை ‘அம்மா இன்னும் முழிச்சிருக்கு, அடுப்பு கூட லேசா’ என்று இழுத்துப் பாருங்கள். ‘ராசா’, ‘லேசா’ இரண்டும் நெடிலில் முடிவதால் இழுக்க இடம் இருக்கிறது. அடுப்பு வேண்டாமென்றால் வேறு வையுங்கள், ஆனால் ‘ராசா’வை விட்டுவிடாதீர்கள். தப்போடு பதிந்ததும் இங்கே போடுங்கள்.